நான் நடந்தால் வரும் துரிஞ்சில்

இந்தப் பையைக் கீழே வைக்கச் சொல்லாதீர்கள் அம்மா, என் மடியிலேயே இருக்கட்டும். உள்ளே ஒரு கருவி இருக்கிறது. இந்த பஸ் குலுக்குகிற குலுக்கலில் அது உடைந்தால் தவசிமுத்து சார் என் தோலை உரித்துவிடுவார். அவர் என் கைடு, ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிறவர். நீங்கள் ஏன் தள்ளி உட்காருகிறீர்கள்? வெடிக்கிற சாமான் ஒன்றும் இல்லை. துரிஞ்சில் கத்துவதைக் கேட்கிற கருவி.

துரிஞ்சில் தெரியும் இல்லையா? வவ்வால் வகைதான், ஆனால் ஆலமரத்தில் கூட்டமாகத் தொங்கிக்கொண்டு பழம் தின்கிற பெரிய வவ்வால் இல்லை. இது நம் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவிளக்கைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறதே, அது. கொசு தின்னும், அந்துப்பூச்சி தின்னும், பருத்திக்காரனுக்குக் கூலி வாங்காமல் வேலை பார்க்கும். அதைப் பார்த்தால் நீங்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வீர்கள். காதுக்குள் நுழைந்துவிடும் என்பீர்கள். ஒரு துரிஞ்சில் ஒரு மனுஷன் காதுக்குள் நுழைந்ததாக எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆதாரம் காட்டுங்கள், நான் வாதத்தை இங்கேயே முடித்துக்கொள்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். என் பேச்சு இப்படித்தான். பள்ளிக்கூடத்திலிருந்து பட்டிமன்ற மேடையிலேயே வளர்ந்துவிட்டேன். வீட்டில் உப்பு கேட்டால்கூட நடுவர் அவர்களே என்றுதான் தொடங்குகிறேன் என்று அண்ணன் கேலி செய்வான். என் பெயர் முப்பிடாதி. சாத்தான்குளம் பக்கம். திருநெல்வேலி தாண்டி யுனிவர்சிட்டி ஸ்டாப்பில் இறங்க வேண்டும். இன்றைக்கு அங்கே ஒருத்தியின் மானத்தை வாங்கப் போகிறேன்.

ஆமாம், மானத்தைத்தான். சரியாகத்தான் கேட்டீர்கள்.

அவள் பெயர் அருள்சீலி. எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்கு மூத்தவள். போன வாரம்வரை சீலி அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டேன். இப்போது அக்காவை எடுத்துவிட்டேன். சீலி. அவ்வளவுதான். அவளுக்கு இன்றைக்குப் பொது வாய்மொழித் தேர்வு, வைவா என்பார்கள். இதுவரை பார்த்ததில்லை என்றால் சொல்கிறேன், கேளுங்கள். பிஎச்.டி. முடிக்கிறவர்கள் கடைசியில் ஒரு ஹாலில் நின்று, இத்தனை வருஷம் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். சொந்தக்காரர்கள் பட்டுச்சேலையில் வருவார்கள். பின்வரிசையில் மிக்சரும் பாதாம் பாலும் தயாராக இருக்கும். பார்த்தால் பாதி நிச்சயதார்த்தம் மாதிரி இருக்கும். முடிவில் சபையில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். சட்டம் அப்படி. யார் வேண்டுமானாலும்.

ஆனால் நடைமுறை என்ன தெரியுமா? கேள்விகளைப் பட்டம் வாங்கப் போகிறவர்களே முன்கூட்டிப் பங்கு வைத்துவிடுவார்கள். நீ இதைக் கேள், நீ அதைக் கேள் என்று கூடப் படிக்கிறவர்களிடம் சொல்லி வைப்பார்கள். அவர்கள் எழுந்து, அப்போதுதான் தோன்றிய மாதிரி மோவாயைத் தடவிக்கொண்டு கேட்பார்கள். இவர்கள் யோசிக்கிற மாதிரி கூரையைப் பார்த்துவிட்டு மனப்பாடமாகச் சொல்வார்கள். எல்லாரும் கை தட்டுவார்கள். அப்புறம் பாதாம் பால். நாடகம் என்று தெரிந்தே எல்லாரும் நடிக்கிற நாடகம்.

எனக்கு அவள் ஒதுக்கிய கேள்வி என்ன தெரியுமா? துரிஞ்சில்களால் விவசாயிகளுக்கு என்ன நன்மை என்று நான் கேட்க வேண்டுமாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்கிற கேள்வி. இத்தனை நாள் கூடவே காட்டில் திரிந்தவளுக்கு அந்தக் கேள்வி. கேட்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எழுந்து நின்ற பிறகு வேறு கேள்வி வரும்.

அது என்ன கேள்வி என்று புரிய வேண்டுமானால் தேரிக்காட்டுக்கு வர வேண்டும்.

தேரி தெரியும் உங்களுக்கு. செம்மண், உடைமரம், கள்ளி, மழை பெய்தால் முட்டளவு புல். அதற்கு நடுவே ஒன்றுமே இல்லை என்பார்கள். அரசாங்கக் கணக்கில் தரிசு. காடு என்றால் பச்சையாக, ஈரமாக, அட்டை கடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? முள்காடும் காடுதான். அதற்கென்றே பிறந்த உயிர்கள் இருக்கின்றன. இதை ஒரு மேடையில் பேசித்தான் முதல் பரிசு வாங்கினேன். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் தவசிமுத்து சார், நீ வாம்மா எங்க டிபார்ட்மெண்டுக்கு என்று கூப்பிட்டார். வந்தபோது சீலி பாதி ஆராய்ச்சி முடித்திருந்தாள். தேரியில் எத்தனை வகைத் துரிஞ்சில் இருக்கின்றன என்பது அவள் ஆராய்ச்சி. கருவியை எப்படிக் கையாள்வது என்று சார் ஒருநாள் முழுக்கப் பாடம் எடுத்தாராம். அன்றைக்கு எனக்கு மதுரையில் பேச்சுப் போட்டி. பரவாயில்லை, சீலி சொல்லித் தருவா என்றார்.

சொல்லித் தந்தாள். மறுக்கவில்லை. துரிஞ்சில் பறக்கும்போது ஓயாமல் கத்திக்கொண்டே போகும், நம் காதுக்கு எட்டாது. அந்தக் கத்தல் பூச்சிமேல் பட்டுத் திரும்பி வரும், அதை வைத்துத்தான் இருட்டில் அது பூச்சியைப் பிடிக்கும். இந்தக் கருவியைப் போனில் செருகினால் அந்தக் கத்தல் திரையில் கோடு கோடாக விழும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு கோடு. ஒன்று வளைந்து இறங்கும், ஒன்று கொக்கி மாதிரி நிற்கும். பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிடும். இதெல்லாம் அவள் சொல்லித் தந்ததுதான்.

ஆனால் கூடவே ஒரு சட்டம் போட்டாள். அங்கேதான் எனக்கும் அவளுக்கும் முதல் முட்டல்.

காட்டுக்குள் நுழையும் முன் வண்டிப் பெட்டிக்குள் ஒரு துண்டை விரிப்பாள். கைக்கடிகாரம், சாவிக்கொத்து எல்லாவற்றையும் அதில் சுருட்டி வைப்பாள். என்னைப் பார்த்து, "ஏட்டி, வளையலக் கழட்டு, கொலுசக் கழட்டு" என்றாள். வளையலைக் கழற்றினேன், முள்ளில் மாட்டும் என்று. கொலுசை ஏன் கழற்ற வேண்டும்? நீங்களே பாருங்கள், இதுதான் அந்தக் கொலுசு. முத்து இல்லை, சலங்கை இல்லை, வெறும் சங்கிலி. நான் நடந்தால் எனக்கே கேட்காது. வயசுக்கு வந்தபோது மாமா போட்டது, அன்றிலிருந்து கழற்றியதில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. சீலி பெந்தகோஸ்தே சபைக்காரி. அவர்கள் பொட்டுத் தங்கம் போட மாட்டார்கள். கழுத்து வெறுமையாக இருக்கும், காது வெறுமையாக இருக்கும். அது அவர்கள் நம்பிக்கை, நான் குறுக்கே போகவில்லை. ஆனால் அதை என் காலில் கொண்டுவந்து கட்டுவது எந்த ஊர் நியாயம்? அதைத்தான் அன்றைக்குக் கேட்டேன். அவள், "ஐயோ, அது இல்லட்டி, அது டிடெக்டருக்கு" என்று ஏதோ ஆரம்பித்தாள். நான் முடிக்கவே விடவில்லை. எதிரணியை முடிக்க விட்டால் அப்புறம் நாம் எதற்கு மேடையில் நிற்கிறோம்? உடை என் உரிமை, உடல் என் உரிமை, இன்றைக்குக் கொலுசு, நாளைக்குப் பொட்டா என்று கேட்டேன். காட்டு வாசலில் இருந்த வாட்சர் சங்கரவேலு அண்ணன்கூட பீடியைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தார். சீலி கருவியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்தாள். தோற்றுப்போனாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு கொலுசுப் பேச்சை எடுத்ததே இல்லை.

அதற்குப் பிறகுதான் அம்மா, நான் அதைக் கண்டுபிடித்தேன்.

அன்றைக்கு சீலிக்குக் காய்ச்சல். கருவியை நானே எடுத்துக்கொண்டு போனேன். பொழுது சாய்ந்து, மேற்கே சிவப்பு மட்டும் மிச்சம். உடைமரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடக்கிறேன். திரையில் உச்சியில், சீப்புப் பல் மாதிரி நெருக்கமாகக் கோடுகள். அதுவரை பார்த்த எந்தத் துரிஞ்சிலும் அந்த உயரத்தில் கத்தியதில்லை. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. நானும் நின்றுவிட்டேன். உடனே அதுவும் போய்விட்டது. மறுபடி நடந்தேன். மறுபடி வந்தது.

சாரிடம் காட்டினேன். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். புல்லும் புதருமாக இருக்கிற வறண்ட காட்டில் மட்டும் வாழ்கிற ஒரு சின்னத் துரிஞ்சில் வடக்கே உண்டு, இந்தப் பக்கம் யாரும் பதிவு செய்ததில்லை, அதுவாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். எனக்கு அந்த "லாம்" காதில் விழவில்லை. யாருக்கு விழும்?

முடிந்த நாளெல்லாம் போனேன். போன நாளெல்லாம் வந்தது. நான் நடந்தால் வரும், நின்றால் போய்விடும். அப்படி ஒரு பழக்கம் என்னோடு. நான் நடக்கும்போது புல்லிலிருந்து பூச்சி கிளம்பும், அதைப் பிடிக்க என் பின்னாலேயே வருகிறது என்று விளக்கமும் கண்டுபிடித்தேன். மாடு மேயும்போது கொக்கு கூடவே போகிறதில்லையா, அப்படி. நல்ல விளக்கம் இல்லையா? சார்கூடத் தலையாட்டினார். உயிரோடு பிடித்து அளவெடுக்க வலை கட்டினோம். வேறு எல்லாம் விழுந்தது, அது மட்டும் விழவில்லை. அவ்வளவு கெட்டிக்காரி. வலைப்பக்கம் நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் எட்டிக்கூடப் பார்க்காது.

சீலிக்குக் காய்ச்சல் விட்டதும் கூட வந்தாள். கருவி அவள் கையில். அவள் முன்னே போனால் வரவில்லை. நான் பக்கத்தில் வந்தால் வந்தது. கருவியை மரத்தின் பக்கம் திருப்பினால் மங்கல், என் பக்கம் திருப்பினால் பளிச்சென்று விழும். "பாத்தீங்களாக்கா, என்கிட்டதான் வரும்" என்றேன். அவள் திரையைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கா தெரியாது அவள் மனசில் என்ன ஓடியது என்று? நான் தோற்ற இடத்தில் இவள் ஜெயிக்கிறாளே என்று ஓடியிருக்கும். கொலுசு விவகாரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. அண்ணன் பஸ் ஸ்டாண்டில் ஃபிளக்ஸ் வைத்துவிட்டான். தேரி தந்த விஞ்ஞானியே வருக என்று போட்டு, என் கல்லூரி அடையாள அட்டைப் படம். பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நாய் முகத்தோடு ஒரு பெரிய பழவவ்வால். அது தப்பான வவ்வால்டா என்று சண்டை போட்டேன். பெருசா இருந்தாத்தான பாக்கிறவனுக்கு மரியாதை வரும் என்றான். இன்னும் அங்கேதான் தொங்குகிறது. நீங்கள் ஏறின ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப். போகும்போது வரும்போது பார்த்திருப்பீர்களே.

இப்போது கேளுங்கள். போன வாரம் சீலி ஒத்திகை பார்த்தாள். பொது வாய்மொழிக்கு முன்னால் எங்கள் முன்னால் ஒருமுறை பேசிப் பார்ப்பது வழக்கம். படம் மாற்றி மாற்றிக் காட்டுகிறாள். அந்தத் துரிஞ்சில், இந்தத் துரிஞ்சில், வால் நீண்டது, காது மடிந்தது. என்னுடையது எப்போது வரும் என்று சீட்டின் நுனியில் உட்கார்ந்திருக்கிறேன். நன்றி என்று கடைசிப் படம் வந்துவிட்டது. என் துரிஞ்சில் வரவே இல்லை. இல்லவே இல்லை. பிறக்காத மாதிரி.

எழுந்து கேட்டேன். "பதிவு பத்தாதுட்டி, பொறவு பேசுவோம்" என்றாள். அத்தனை சாயங்காலம் பதிவு செய்தது பத்தாதா? சாரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அங்கேயே வைத்து வாதாடினேன். அறிவியலில் மறைப்பது பொய் சொல்வதற்குச் சமம் என்று ஆரம்பித்து, தேரி வழியாக, பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்கிற பழைய பொய்யை நிஜமாக்குகிறீர்களே என்பதுவரை போனேன். நன்றாகத்தான் பேசினேன். அவள் வயரைச் சுருட்டிக்கொண்டே, "என் வைவா முடியட்டும், அப்பொறம் உக்காந்து பேசுதேன்" என்றாள். பதில் இல்லாதவர்கள் எல்லாம் அப்புறம் என்பார்கள்.

அதற்கப்புறம்தான் பெரிய விஷயம் தெரிந்தது. சங்கரவேலு அண்ணன் சொன்னார். நான் வராத நாட்களில் எல்லாம் சீலி தனியாக வந்திருக்கிறாள். நான் நடந்த அதே ஒற்றையடிப் பாதை. "அந்தப் பாப்பா செருப்பக்கூடக் கழட்டி வச்சிட்டுத்தான் உள்ள போவும்மா. ஒருநா முள்ளு ஏறி உக்காந்து புடுங்கிட்டுக் கெடந்துச்சு. இருட்டுற வரைக்கும் விடாது" என்றார். புரிகிறதா? என்னிடம் பதிவு பத்தாது என்று சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாமல் என் துரிஞ்சிலைத் தேடியிருக்கிறாள். செருப்புச் சத்தம்கூடக் கேட்கக் கூடாதென்று. யார் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பார்கள்? திருட வருகிறவன். இன்றைக்குப் பட்டம் வாங்கிக்கொண்டு, நாளைக்குத் தன் பெயரில் தனியாகப் போடுவாள். அதற்குத்தான் இந்த மறைப்பு.

அதனால்தான் சொல்கிறேன், விட மாட்டேன். இன்றைக்கு எழுந்து நின்று, வெளியூர்த் தேர்வாளர் முன்னால், அவள் அப்பா அம்மா முன்னால், சபைப் பாஸ்டர் முன்னால் கேட்பேன். தேரியில் நான் பதிவு செய்த துரிஞ்சிலை ஏன் மறைத்தீர்கள்? செருப்பில்லாமல் அங்கே யாரைத் தேடிப் போனீர்கள்? அவ்வளவுதான். பதில் சொல்லட்டும். எதிர் அறைப் பேராசிரியருக்கும் தவசிமுத்து சாருக்கும் ஆகாது. அந்தப் பேராசிரியர் காதுக்கும் எட்டிவிட்டது. கேளும்மா, யாரும் கேக்கலாம், ஜனநாயகம்தான என்றார். டிபார்ட்மெண்ட் பிள்ளைகள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், சீலி தரவை மறைத்தவள் என்று. இதோ பாருங்கள், முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருக்கிறோம் என்று மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. பட்டம் கிடைக்கிறதா பார்க்கிறேன். கிடைத்தாலும் அந்தப் பாதாம் பால் அவள் தொண்டையில் இறங்குகிறதா பார்க்கிறேன்.

என்ன சொல்கிறீர்கள்? ஒரு வவ்வாலுக்காகவா? வவ்வாலுக்காக இல்லை அம்மா. நியாயத்துக்காக. சரி, வவ்வாலுக்காகவும்தான்.

நேற்றுக்கூட ஆதாரம் எடுத்து வந்தேன். நானே தனியாகப் போய்ப் பதிவு செய்தேன். நடந்த இடமெல்லாம் வந்தது. காட்டுகிறேன், இருங்கள். கூச்சப்படாதீர்கள், கிட்டே வந்து பாருங்கள். இந்தக் கருவியைப் போனில் இப்படிச் செருக வேண்டும். இதோ பாருங்கள், இதுதான் நேற்றைய பதிவு. மேலே, சீப்புப் பல் மாதிரி. அழகாக இல்லை? இது முள்காட்டில் பிறந்தது. இதற்குத் தண்ணீர் வேண்டாம், பச்சை வேண்டாம், யாருடைய தயவும் வேண்டாம்.

இப்போது இங்கேயே பிடித்தால் என்ன தெரியும் என்கிறீர்களா? இங்கே ஒன்றும் தெரியாது. பகல் வெளிச்சம், பஸ்ஸுக்குள் எந்தத் துரிஞ்சில் வரும்? சரி, உங்களுக்காகப் போடுகிறேன். பாருங்கள், கீழே கறுப்பாகப் புகை மாதிரி அடர்ந்திருக்கிறதே, அது இன்ஜின் இரைச்சல். அந்தக் குழந்தை அழுவதும் அதற்குள்ளேதான். மேலே வெறுமை. நம் காது எட்டாத இடம் அது. அங்கே இப்போது யாரும் இல்லை.

இல்லை. இருங்கள்.

இருக்கிறது.

பாருங்கள், உச்சியில். சீப்புப் பல். அதேதான். அம்மா, அதேதான். ஜன்னல் கம்பியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள், மேலே சாமான் தட்டில் பாருங்கள். சில நேரம் மூட்டைக்குள் ஒளிந்துகொண்டு வந்துவிடும். முந்தானையைத் தலையில் போடாதீர்கள், ஒன்றும் செய்யாது. பாருங்கள், விடாமல் வருகிறது. என்னை விட்டுவிட்டு இருக்க முடியவில்லை அதற்கு. இந்தப் பதிவு ஒன்று போதும், சீலி இன்றைக்குச் செத்தாள்.

என்ன? காலை ஆட்டாதே என்கிறீர்களா? எனக்குக் கோபம் வந்தால் கால் தானாக ஆடும். ஆட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்பதெல்லாம் மூடநம்பிக்கை, அதைப் பற்றித் தனியாகவே பேசலாம். சரி, உங்கள் முழங்காலில் இடிக்கிறது என்றால் அது வேறு விஷயம். நிறுத்திவிட்டேன். போதுமா?

போய்விட்டது.

ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை அம்மா. திரையில் போய்விட்டது. கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

காலை ஆட்டுகிறேன். இடிக்காமல் ஆட்டுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

வருகிறது.

நிறுத்துகிறேன்.

இல்லை.

நீங்கள் ஜன்னல் பக்கம் பார்க்க வேண்டியதில்லை. வவ்வால் எதுவும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. என் கால்தான். இந்தச் சங்கிலிதான். காதுக்கு எட்டாத உயரத்தில் இது கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை என்பதால் சத்தமே இல்லை என்று நினைத்துவிட்டேன். நான் நடந்தால் வரும், நின்றால் போய்விடும். வரத்தானே செய்யும்.

துண்டை விரித்து எல்லாவற்றையும் சுருட்டி வைத்தாளே, அது இதற்குத்தான். அது டிடெக்டருக்கு என்று ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை.

தண்ணீர் இருக்கிறதா உங்களிடம்? நன்றி.

நீங்கள் இப்போது என்ன சொல்லப் போகிறீர்கள் என்று தெரியும். கோபம் போய்விட்டதா என்பீர்கள். போகவில்லை அம்மா. கூடித்தான் இருக்கிறது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் காலைக் குனிந்து பார்த்தாளே, அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு என்னிடம் சொல்லவில்லை. ஊரில் ஃபிளக்ஸ் தொங்குகிறது, இந்தப் பைத்தியம் வீட்டில் சொல்லிவிட்டது, டிபார்ட்மெண்டில் சொல்லிவிட்டது, இப்போது போய் உன் கொலுசுடி என்று சொன்னால் தாங்காது என்று நினைத்திருக்கிறாள். அதனால் செருப்பைக்கூடக் கழற்றிப் போட்டுவிட்டு, உடம்பில் சத்தம் போடுகிற ஒரு பொருள்கூட இல்லாமல், அந்தப் பாதையில் போய் நடந்திருக்கிறாள். நிஜமாகவே ஒன்று இருக்காதா என்று. ஒன்றே ஒன்று. எனக்காக. முள் ஏறி உட்கார்ந்து பிடுங்கியிருக்கிறாள். கிடைக்கவில்லை. கிடைக்காததும் அதை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டாள். பதிவு பத்தாது. என் பெயர் எதிலும் வராமல், என் தப்பும் எதிலும் வராமல்.

இது எவ்வளவு பெரிய அவமானம் தெரியுமா உங்களுக்கு? என்னிடம் சண்டைக்கு வந்திருக்கலாம். மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், ஆதாரம் கேட்டிருப்பேன், மூன்று நாள் பேசாமல் இருந்திருப்பேன், கடைசியில் ஒத்துக்கொண்டிருப்பேன். ஒத்துக்கொண்டிருக்க மாட்டேனா? அவள் என்னை வாதத்துக்குக்கூட லாயக்கில்லாத குழந்தை என்று நினைத்துவிட்டாள். பாவம் என்று விட்டுவிட்டாள். யார் கேட்டார்கள் அவளுடைய பாவத்தை?

நான் மட்டும் இன்றைக்குப் போய் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். சொல்லியிருக்க மாட்டாள். அப்பா அம்மா பார்த்துக்கொண்டிருக்க, வெளியூர்த் தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, பதிவு பத்தவில்லை என்று மறுபடியும் அதையே சொல்லிவிட்டு நின்றிருப்பாள். பட்டத்தையே நிறுத்தினாலும் சொல்லியிருக்க மாட்டாள். நான் ஜெயித்திருப்பேன். கை தட்டியிருப்பார்கள்.

பேசாமல் அவள் கொடுத்த கேள்வியையே கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடு என்கிறீர்களா? அதுவும் முடியாது. மறைத்தவள் என்று பிள்ளைகள் வாயெல்லாம் நான்தான் விதைத்து வைத்திருக்கிறேன். நான் சும்மா உட்கார்ந்தால், பயந்துவிட்டாள், ஆனால் விஷயம் உண்மைதான் என்பார்கள். அந்த எதிர் அறை மனிதர் தானே எழுந்து கேட்டாலும் கேட்பார்.

அதனால் கேட்கத்தான் போகிறேன். முதலில் அந்த ஐந்தாம் வகுப்புக் கேள்வி. துரிஞ்சில்களால் விவசாயிகளுக்கு என்ன நன்மை? கூரையைப் பார்த்துவிட்டு மனப்பாடத்தைச் சொல்லட்டும். முடிந்ததும் உட்கார மாட்டேன். இரண்டாவது கேள்வி. கொலுசு போட்டுக்கொண்டு ஒருத்தி காட்டுக்குள் போனால் கருவியில் என்ன விழும்? பதில் சொல்லுங்கள். மின்விசிறியைப் பார்க்காதீர்கள் சார், நீங்களும் சொல்லலாம். சொல்லாமல் தப்பிக்க விட மாட்டேன். எல்லார் முன்னாலும் அவள் வாயால் சொல்ல வைப்பேன். என்னைக் காப்பாற்றினாள் இல்லையா, அதற்கு நான் பழி வாங்காமல் விட்டால் என் பெயர் முப்பிடாதி இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு ஒன்றும் சிரிப்பாக இல்லை.

அடுத்த ஸ்டாப் என்னுடையது. கண்டக்டர் அண்ணன் விசிலை வாயில் வைத்துவிட்டார். இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள், இந்தக் கொக்கியைக் கழற்றிவிட்டுப் போகிறேன். வர மாட்டேன் என்கிறது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடக் கழற்றாததில் இறுகிவிட்டது. உங்கள் நகத்தால் முடியுமா பாருங்கள். என்ன, பொம்பளைப் பிள்ளை காலை மூளியாகப் போட்டுக்கொண்டு போகக் கூடாதா? நீங்களும் ஆரம்பித்துவிட்டீர்களா?

சரி, விடுங்கள். வேண்டாம். கழற்ற வேண்டாம். இப்படியே போகிறேன். கருவியைப் போனில் செருகி, திரையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து மேடைவரை நடக்கிறேன். அந்தத் தேர்வாளருக்குக் கண் இருந்தால் பார்த்துக்கொள்ளட்டும். நடுவில் ஒருமுறை நிற்பேன். அப்புறம் மறுபடி நடப்பேன். சீலி அக்கா பேசாமல் இருக்கட்டும் பார்க்கலாம்.

வருகிறேன் அம்மா. காலைத் தள்ளி வையுங்கள், இறங்க வேண்டும்.